மாவு அக்கா ஃப்ரிட்ஜில் லீக் தேடிய மூன்று நாட்கள்

தூத்துக்குடியில் என் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறார். இட்லி மாவு, தோசை மாவு, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆப்ப மாவு. ஒரு கிரைண்டரும் 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜும்தான் அவருடைய மொத்தத் தொழில். சித்திரை வெயிலில் அந்த ஃப்ரிட்ஜ் மறுபடியும் குளிர்ச்சி விட்டுப்போய், ராத்திரி அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கிப் புளித்துவிட்டது. பையனை அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பதினாலு மாசத்துல மூணு வாட்டி கேஸ் அடிச்சாச்சு. ஒவ்வொரு வாட்டியும் நாலஞ்சு மாசம் நல்லா ஓடுது, அப்புறம் கேஸ் தீந்துருது. இந்த ஃப்ரிட்ஜுல கேஸ் நிக்கவே நிக்காதா?"

இந்தக் கேள்வியை வாரம் ஒரு வீட்டிலாவது கேட்கிறேன். ஃப்ரிட்ஜ் கேஸ் அடுப்பு சிலிண்டரில் இருக்கும் கேஸ் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது, பின்னாலிருக்கும் கண்டன்சரில் சூட்டை விட்டு அது திரவமாகிறது, தலைமுடி மாதிரி நுண்ணிய துளையுள்ள கேப்பிலரி வழியாக ஃப்ரீஸருக்குள் போய் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சுகிறது, மறுபடி கம்ப்ரசருக்கே வருகிறது. முழுக்க மூடிய சுற்று. இருபது வருடம் ஓடினாலும் போட்ட கேஸ் அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான்.

கதவைத் திறந்து பார்த்தேன். ஃப்ரீஸரில் கேப்பிலரி நுழைகிற மூலையில் மட்டும் ஒரு சாண் அளவுக்குப் பனி பிடித்திருந்தது, மற்ற மூன்று பக்கமும் காய்ந்து கிடந்தது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் கண்டன்சரில் கை வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லை. மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டால் 0.65 ஆம்பியர்தான். கேஸ் குறைந்ததற்கு இவையெல்லாம் அடையாளம். கேப்பிலரி அடைப்பிலும் இதே மாதிரி தெரியலாம் என்பதால் கேஸ் ஏற்றுகிற சார்ஜிங் லைனில் ஒரு டேப் வால்வு மாட்டி, அழுத்தம் காட்டும் கேஜ் போட்டேன். ஓடும்போது ஊசி வேக்கம் பக்கம், அதாவது வெளிக்காற்றை விட அழுத்தம் குறைந்த பக்கம் போய் 10 அங்குலத்தில் நின்றது. நிறுத்தியதும் இரண்டே நிமிடத்தில் ஏறி, எல்லாம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு 25 பிஎஸ்ஐயில் நிலைத்தது. அடைப்பாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் சமமாகாது. இந்த அளவு ஃப்ரிட்ஜில் கேஸ் சரியாக இருந்தால் நிறுத்தி வைத்த நிலையில் 60ஐ ஒட்டி நிற்கும். சரி, பாதிக்கு மேல் போய்விட்டது.

ஸ்டிக்கரில் கேஸ் வகை ஆர்-134ஏ, அளவு 95 கிராம் என்று இருந்தது. மிச்சமிருந்ததை ரெக்கவரி சிலிண்டரில் இறக்கி எடை போட்டேன், 43 கிராம். காற்றில் திறந்து விட்டால் ஒரு நிமிட வேலைதான், ஆனால் நான் விடுவதில்லை. ஆர்-134ஏயின் ஒரு கிலோ, 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்கிற அளவுக்குப் பூமியைச் சூடாக்குகிறது. 100 கிராமைத் திறந்து விட்டாலே 143 கிலோ கணக்கு.

அக்காவிடம் மூன்று நாள் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "இன்னைக்கே கேஸ் மட்டும் அடிச்சு விட்டா ஆகாதா தம்பி? நாளைக்கு ரெண்டு வீட்டுல விசேஷம், மாவு சொல்லிருக்காங்க." அவர் கேட்டதில் தவறே இல்லை. தொழில் நின்றால் அன்றைய வரும்படி நிற்கும். மீன்பிடித் துறைமுகம் பக்கம் போய் ஐஸ் கட்டி உடைத்து வாங்கி, ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். மாவுத் தூக்குகள் அதற்குள் உட்கார்ந்தன. தினமும் காலையிலும் மாலையிலும் ஐஸ் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதன் பிறகுதான் ஃப்ரிட்ஜைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

லீக் தேடுவதை எப்போதும் கண்ணில் தொடங்குவேன். கேஸோடு கொஞ்சம் ஆயிலும் சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் கசிகிற இடத்தில் ஆயில் பிசுபிசுத்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். டார்ச் லைட்டும் ஒரு சின்னக் கண்ணாடியும் போதும். கம்ப்ரசர் பெட்டிக்குள் பார்த்தபோது கேப்பிலரிக்கு முன்னால் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கிற ஃபில்டருக்குள் நுழைகிற ஜாயின்ட்டின் அடிப்பக்கம் அப்படி ஒரு கறை. துடைத்தால் விரலில் வழவழப்பு.

கசிவைப் பார்க்கச் சுற்றுக்குள் நைட்ரஜன் ஏற்றி 150 பிஎஸ்ஐயில் நிறுத்தினேன். சுற்று முழுவதும் ஒன்றாக இருக்கும்போது அதற்கு மேல் போக மாட்டேன். ஃப்ரீஸர் இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி ஊதிச் செய்தது, தாங்காமல் உப்பிவிடும். நைட்ரஜன் சிலிண்டருக்குள் 2,000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், ரெகுலேட்டர் இல்லாமல் தொடவே கூடாது. நைட்ரஜன் கையில் இல்லை என்று வெல்டிங் செட்டிலிருக்கும் ஆக்சிஜனை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்ரசர் ஆயிலும் அழுத்தத்திலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். தொழிலுக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கம்ப்ரசரையே ஓடவிட்டு வெளிக்காற்றை இழுத்து அழுத்தம் ஏற்றுவதும் கூடாது, நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரம் அத்தனையும் ஆயிலுக்குள் போய்விடும்.

பாத்திரம் கழுவுகிற லிக்விடில் கொஞ்சம் தண்ணீரும் சில சொட்டு கிளிசரினும் கலந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, சின்னத் தூரிகையால் அந்த ஜாயின்ட்டில் தடவினேன். பெரிய லீக் என்றால் உடனே குமிழ் கிளம்பும். இங்கே முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை. மூன்றாவது நிமிடம் ஜாயின்ட்டின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. உற்றுப் பார்த்தால் எறும்பு முட்டைகளை வரிசையாக அடுக்கியது மாதிரி நுண்ணிய நுரை. துடைத்துவிட்டு மறுபடி தடவினேன், அதே இடத்தில் மறுபடி வந்தது.

காரணமும் தெரிந்தது. அந்த ஜாயின்ட்டில் ஒரு பக்கம் இரும்புக் குழாய், மறுபக்கம் செம்பு. முன்பு யாரோ பாஸ்பரஸ் கலந்த சாதாரணச் செம்புக் கம்பியை உருக்கிப் பற்ற வைத்திருக்கிறார்கள். செம்போடு செம்பு சேர்க்க அந்தக் கம்பி அருமையானது, உலோகம் பிடிக்கப் பூசுகிற ஃபிளக்ஸ்கூட வேண்டாம். ஆனால் இரும்போடு பாஸ்பரஸ் சேர்ந்தால் அந்த இடம் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும். கம்ப்ரசர் ஒவ்வொரு முறை ஓடி நிற்கும்போதும் அதிர்கிற அதிர்வுக்கு மெல்லக் கீறல் விடும். பழையதை அறுத்தெடுத்து, இரும்பைப் பளபளவென்று தேய்த்து, ஃபிளக்ஸ் போட்டு 40 சதவீத வெள்ளிக் கம்பியால் பற்ற வைத்தேன். பற்ற வைக்கும்போது உள்ளே நைட்ரஜன் மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் கரும்பொடி படிந்து பின்னால் கேப்பிலரியை அடைக்கும். ஆறியதும் ஃபிளக்ஸைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்தேன். அதை விட்டுவைத்தால் அதுவே இரும்பை அரிக்கும்.

மாலை ஆறு மணிக்கு மறுபடி 150 ஏற்றி வால்வை மூடினேன். பட்டறைக்குள் 32 டிகிரி. விடிகாலை ஆறு மணிக்கு ஊசி 147, சூடு 27 டிகிரி. இறங்கிவிட்டதே என்று பதற வேண்டியதில்லை, குளிர்ந்தால் கேஸ் சுருங்கும். மாலையில் இருந்த 150ஓடு காற்றழுத்தம் 15ஐயும் சேர்த்தால் 165. இந்தக் கணக்கில் சூட்டோடு 273ஐச் சேர்க்க வேண்டும், 27 டிகிரி 300 ஆகும், 32 டிகிரி 305 ஆகும். 165ஐ 300 ஆல் பெருக்கி 305 ஆல் வகுத்தால் 162. 15ஐக் கழித்தால் 147. சூட்டுக்கு எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. கணக்குப்படி லீக் இல்லை.

இங்கேதான், கேஸ் அடிப்பதற்கு முன் உள்ளிருப்பதை உறிஞ்சி எடுக்கிற வேக்கம் பம்ப்பை எடுக்கக் கை போனது. எடுத்திருந்தால் அக்கா வீட்டுக்கு நாலாவது முறை வீணாகக் கேஸ் அடித்தவன் நானாகியிருப்பேன்.

என்னைத் தடுத்தது முதல் நாள் நடந்த ஒரு சின்ன விஷயம். மிச்சக் கேஸை இறக்குவதற்கு முன் எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரைச் சும்மா ஒரு சுற்று காட்டினேன். ஃபில்டர் பக்கம் கத்தியது, சரி. கதவின் கீழ்க் கீல் மாட்டியிருக்கும் திருகு ஓட்டையிலும் இரண்டு முறை கத்தியது. பின்னாலிருந்து பரவி வந்த கேஸாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கேஸ் காற்றை விடக் கனமானது, முன்பக்கம் வந்து ஒரு திருகு ஓட்டைக்குள் போய் உட்கார என்ன காரணம்?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போன முறை 95 கிராமே போட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால், 50 கிராம் போக நாலரை ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு கிராம். ஆவியாக அளந்தால் சுமார் 80 மில்லி, ஒரு ராத்திரிக்கு 40 மில்லி. கம்ப்ரசர் ஓட்டுக்குள், கண்டன்சரில், ஃப்ரீஸரில் எல்லாம் சேர்த்து நாலு லிட்டர் இடமாவது இருக்கும். நாலு லிட்டரில் 40 மில்லி போனால் அழுத்தம் குறைவது 0.15 பிஎஸ்ஐ. என் கேஜில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் 5 பிஎஸ்ஐ. ஒரு ராத்திரி என்ன, பத்து ராத்திரி வைத்தாலும் ஊசி அசைந்தது கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க நின்றது, அதனால் லீக் இல்லை என்று இந்தத் தொழிலில் நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். நாலைந்து மாதத்தில் காலியாகிற ஃப்ரிட்ஜுக்கு அந்தச் சோதனை செல்லாது.

வழி, இடத்தைச் சிறிதாக்குவது. அதே லீக் 50 மில்லி இடத்திலிருந்து ஒழுகினால் ஊசி கண்ணெதிரே இறங்கும். அதனால் சுற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். ஃப்ரீஸர், அங்கிருந்து கம்ப்ரசருக்குத் திரும்புகிற சக்ஷன் லைன், கேப்பிலரி ஒரு துண்டு. பின்பக்கக் கண்டன்சர் ஒரு துண்டு. கதவுச் சட்டத்தைச் சுற்றி ஓடுகிற ஃபிரேம் பைப் ஒரு துண்டு.

அந்த மூன்றாவது துண்டைப் பலருக்குத் தெரியாது. கதவு வந்து மூடுகிற விளிம்பில் குளிர்ச்சி பட்டு வேர்க்கும். அதைத் தடுக்க, கண்டன்சரிலிருந்து வரும் சூடான குழாயை அந்த விளிம்பின் உட்பக்கமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் ஃபில்டருக்குக் கொண்டுவருகிறார்கள். மெல்லிய இரும்புக் குழாய், முழுக்கவும் நுரைக்குள் புதைந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நம் ஊரில் உப்புக்காற்று. வீடு கழுவும்போது தண்ணீர் ஃப்ரிட்ஜின் காலடியில் தேங்கும். கீழ் விளிம்பு வழியாக ஈரம் உள்ளே போனால் வெளியே வராது. அக்கா ஃப்ரிட்ஜின் கீழ் மூலையில் பெயின்ட் உப்பி, துருக் கறை ஒரு கோடாக வடிந்திருந்தது.

ஒவ்வொரு துண்டின் ஒரு முனையைப் பற்ற வைத்து மூடி, மறுமுனையில் சார்ஜிங் வால்வும் கேஜும் மாட்டினேன். ஃப்ரீஸர் பக்கத்துக்கு 150தான். கண்டன்சரும் ஃபிரேம் பைப்பும் எப்போதும் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்கிறவை, அவற்றுக்கு 250 ஏற்றினேன். பட்டறையில் கேஜ் மூன்றுதான் இருக்கிறது, மூன்றும் அன்றைக்கு இந்த ஒரு ஃப்ரிட்ஜில் தொங்கின. ஒவ்வொரு கேஜின் கண்ணாடியிலும் ஊசிக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி. ஃப்ரீஸர் பக்கம் 147. கண்டன்சர் 246, சூட்டுக்கான இறக்கம் போக அப்படியே இருக்கிறது. ஃபிரேம் பைப் 231. பேனாக் கோட்டுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையலாம். ஹோஸையும் சேர்த்து 50 மில்லிகூட இல்லாத இடம் என்பதால்தான் இது தெரிந்தது. மூடிய முனையிலும் வால்விலும் நுரை தடவிப் பார்த்துவிட்டேன், அங்கே கசிவில்லை. பிறகு கீழ்க் கீலின் திருகைக் கழற்றி ஓட்டையில் நுரை வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து நுரை மெல்ல உப்பி ஒரு பெரிய குமிழாகி உடைந்தது. சந்தேகம் தீர்ந்தது.

புதைந்த குழாயைத் தோண்டி எடுத்துச் சரிசெய்ய முடியாது. அதை அப்படியே கைவிட்டு, கண்டன்சர் முனையை நேராக ஃபில்டருக்குக் கொண்டுவந்தேன். இதற்கு ஒரு விலை உண்டு, அக்காவிடம் முன்னாலேயே சொன்னேன்: மழைக்காலத்தில் கதவு விளிம்பு வேர்க்கும், துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். "துடைக்கிறதுக்கு என்ன தம்பி, மாவு புளிக்காம இருந்தா போதும்" என்றார்.

ஆர்-134ஏ எரியாத கேஸ் என்பதால்தான் இத்தனை இடத்தில் நெருப்பு டார்ச் பிடிக்க முடிந்தது. புது ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அதில் இந்த முறையை அப்படியே செய்யக் கூடாது. கேஸை வெட்டவெளியில் பாதுகாப்பாக வெளியேற்றி, நைட்ரஜனால் கழுவிய பிறகே எதுவும். ஜாயின்ட்டுகளையும் நெருப்பில்லாமல் அழுத்திப் பூட்டும் வகையில் போடுவதே நல்லது.

புது ஃபில்டரைக் கடைசியில்தான் பிரித்தேன். மூடி திறந்து பத்து நிமிடத்துக்குள் பற்ற வைத்துவிட வேண்டும், அதற்குள்ளிருக்கும் மணிகள் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்து நிறைந்துவிடும். கேப்பிலரியை ஃபில்டருக்குள் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நுழைத்தேன். குறைந்தால் பற்ற வைக்கிற உலோகம் துளையை மூடும், அதிகமானால் உள்வலையில் முட்டும். வாய் இரண்டுள்ள ஃபில்டராக வாங்கினேன், ஒரு வாயில் இன்னொரு சார்ஜிங் வால்வு. வேக்கத்தைக் கம்ப்ரசர் பக்கம் மட்டும் இழுத்தால் கண்டன்சரிலிருக்கும் காற்று அத்தனையும் அந்தக் கேப்பிலரி வழியாகவே வர வேண்டும், பாதிநாள் ஆகும். இரண்டு பக்கமும் இழுத்தால் சீக்கிரம் முடியும்.

வேக்கம் என்றால் கேஜ் ஊசி 30 அங்குலத்தைத் தொட்டதும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரையே பம்ப்பாக வைத்துக்கொண்டு இழுப்பவர்களும் உண்டு. வேக்கத்தை நுணுக்கமாக அளப்பது மைக்ரானில், எண் குறையக் குறைய நல்லது. அந்த ஊசியில் 500 மைக்ரானும் 5,000 மைக்ரானும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆர்-134ஏ கம்ப்ரசரில் இருக்கும் எஸ்டர் ஆயில் ஈரத்தை வாரி இழுக்கும் குணமுள்ளது. அந்த ஈரம் கேப்பிலரி முனையில் உறைந்தால் ஃப்ரிட்ஜ் ஒரு மணி நேரம் குளிரும், ஒரு மணி நேரம் குளிராது, எவராலும் காரணம் சொல்ல முடியாது. மைக்ரான் மீட்டர் போட்டு இழுத்தபோது 1,200க்குக் கீழே இறங்க மறுத்தது, ஈரம் இருக்கிறது. நைட்ரஜனால் வேக்கத்தை உடைத்து மறுபடி இழுத்தேன், கம்ப்ரசரின் வெளிக்கூட்டை ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொண்டே. மூன்றாவது முறை 380. பம்ப்பை மூடி இருபது நிமிடம் பார்த்தேன், 520க்கு ஏறி அங்கேயே நின்றது. ஏறி நின்றால் மிச்சமுள்ள துளி ஈரம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். நின்றது.

கேஸை எடை போட்டுத்தான் அடித்தேன். சிலிண்டரைத் தராசில் வைத்து, கம்ப்ரசரை ஓட்டாமல் முதலில் 50 கிராம், ஆவியாக. அப்புறம் ஓடவிட்டு மூன்று நாலு கிராமாக. ஃபிரேம் பைப்பை நீக்கியதால் 95 முழுதாகத் தேவைப்படாது என்று தெரியும். 80க்கு மேல் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் விட்டு ஃப்ரீஸரைப் பார்த்தேன். பனி மெல்ல நாலு பக்கமும் பரவி, 88 கிராமில் கடைசி மூலையும் வெளுத்தது. அங்கே நிறுத்தினேன். ஓடும்போது 3 பிஎஸ்ஐ, 0.85 ஆம்பியர். சக்ஷன் லைன் கையில் குளிர்ந்தது, ஆனால் கம்ப்ரசர் வரை பனி வரவில்லை. வந்திருந்தால் கேஸ் கூடிவிட்டது என்று பொருள்.

சார்ஜிங் லைனைப் பிஞ்ச் பிளையரால் இரண்டு இடத்தில் நசுக்கி, வெட்டி, முனையைப் பற்ற வைத்தேன். ஃபில்டரின் இரண்டாவது வாயைக் கம்ப்ரசர் நின்ற நேரத்தில் அதே மாதிரி அடைத்தேன். கடைசியாக நுரைச் சோதனை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் ஓடும்போது சக்ஷன் பக்கம் அழுத்தம் மூன்றுதான், அங்கே லீக் இருந்தாலும் குமிழ் வராது. அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்து, அழுத்தம் 55 வரை ஏறிய பிறகு பார்க்க வேண்டும். கண்டன்சர், ஃபில்டர் பக்கத்தை ஓடவிட்டே பார்க்க வேண்டும். இரண்டையும் பார்த்தேன், நுரை நுரையாகவே காய்ந்தது.

மூன்றாவது நாள் ராத்திரி ஃப்ரிட்ஜ் அக்கா வீட்டுக்குப் போனது. இந்த முறை நாலு செங்கல் வைத்து உயர்த்தி நிறுத்தினேன், வீடு கழுவுகிற தண்ணீர் அடியில் தேங்காது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன், கண்டன்சருக்குக் காற்று வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து, ஐப்பசி மழை தொடங்கிய வாரம், நானாகவே போய்ப் பார்த்தேன். முந்தைய மூன்று முறையும் கேஸ் போன காலக்கெடு அதுதான். கதவு விளிம்பு சொன்னபடியே வேர்த்திருந்தது, பக்கத்திலேயே ஒரு துண்டு மடித்துத் தொங்கியது. ஃப்ரீஸரில் தெர்மாமீட்டர் வைத்தேன், மைனஸ் 18. நாலு பக்கமும் பனி. 0.85 ஆம்பியர், அன்றைக்கு எழுதி வைத்த அதே எண். திரும்பும்போது அக்கா ஒரு தூக்கு நிறைய ஆப்ப மாவைக் கொடுத்தார், தொட்டால் கை சில்லிட்டது.